ஒன்பது நொடிப் பேச்சு

அவளைத் தந்தி என்றுதான் வீட்டிலும் தெருவிலும் கூப்பிடுவார்கள். பெயரை வைத்தவர் தாய்மாமன். அவளுக்கு ஐந்து வயதிருக்கும்போது அவளைப் பின்னால் உட்காரவைத்து சைக்கிள் ஓட்டிப்போன மாமன், திருப்பத்தில் சறுக்கிச் சாக்கடைக்குள் விழுந்தார். அவள் எப்படியோ குதித்துத் தப்பி வீட்டுக்கு ஓடிவந்து, "மாமா. சைக்கிள். சாக்கடை. வாங்க" என்றாளாம். நாலே வார்த்தை. காலில் கட்டுப் போட்டுக்கொண்டு படுத்திருந்த மாமன் அதைக் கேட்டுவிட்டு, "அக்கா, நீ பெத்தது பொண்ணு இல்ல, தந்தி" என்றார். அன்றைக்கு ஒட்டிய பெயர் பிறகு உரியவே இல்லை. வளர்ந்த பிறகும் அவள் பேச்சு அப்படித்தான். ஒரு பக்கக் கட்டுரையை மூன்று வரியில் முடித்துவிட்டு, மீதி நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அதனால்தான் அவள்மேல் போலீஸ் போட்ட குற்றப்பத்திரிகையை வக்கீலம்மா வாசித்துக் காட்டியபோது, அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"பொதுமக்களை அரசுக்கு எதிராகத் தூண்டும் வகையில், முதல் எதிரி சுமார் இருபது நிமிடம் ஆவேசமாக உரையாற்றினார்." முதல் எதிரி என்றால் தந்திதான்.

"இருபது நிமிஷமா? இவளா?" என்றாள் அம்மா. "பொறந்ததுலேர்ந்து பேசினதை எல்லாம் சேர்த்து வெச்சாலும் இருபது நிமிஷம் தேறாதே!"

வக்கீலம்மா சிரிக்கவில்லை. "இதுக்கு ஏழு வருஷம் வரைக்கும் போடலாம்மா" என்றார்.

அம்மாவின் சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது.

நடந்தது இதுதான். மக்கள் சபையைக் கலைத்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஆறு மாதத்தில் தேர்தல் என்று சொன்னார்கள். ஆறு போய்ப் பன்னிரண்டாயிற்று, பதினெட்டாயிற்று. மழை முடியட்டும் என்றார்கள், கணக்கெடுப்பு முடியட்டும் என்றார்கள், பட்டியலைச் சரிபார்க்கட்டும் என்றார்கள். கையாலாகாதவனுக்கு ஆயிரம் சாக்கு என்று சனங்கள் சலித்துக்கொண்டார்களே தவிர, யாரும் போய்க் கேட்கவில்லை. கடைசியில் கேட்டவர்கள் கல்லூரிப் பிள்ளைகள். அறுபத்துநாலு பேர் தேர்தல் அலுவலகத்தின் இரும்புக் கேட்டுக்கு முன்னால் போய் உட்கார்ந்தார்கள்.

தந்தி அப்போது அரசுக் கல்லூரியில் ரத்தப் பரிசோதனைப் படிப்பில் இரண்டாம் வருஷம். அவளை அங்கே அழைத்துப் போனவள் அவளுடைய உயிர்த்தோழி சுருட்டை. தலைமுடியால் வந்த பெயர். சுருட்டைக்கு வாய் என்பது பூட்டில்லாத கதவு. தந்தியை ஏன் அவளுக்குப் பிடித்துப்போனது என்றால், எவ்வளவு பேசினாலும் குறுக்கே பேசாத ஆள் உலகத்திலேயே தந்தி ஒருத்திதான்.

போராட்டத்தில் தந்திக்குக் கொடுத்த வேலை தண்ணீர், மாத்திரை, கட்டுத்துணி. யாருக்குத் தலைசுற்றல், யாருக்கு வயிற்றுவலி என்று பார்ப்பது. மூன்று நாள் உட்கார்ந்திருந்தார்கள். முதல் இரண்டு நாள் ரோட்டில் பாதியை வண்டிகளுக்கு விட்டிருந்தார்கள். மூன்றாம் நாள் கூட்டம் கூடி அந்தப் பாதியும் அடைபட்டுப்போனது. ஒரு ஆம்புலன்ஸ் சுற்றிக்கொண்டு போகவேண்டி வந்தது. அதை நினைத்து அவள் பிற்பாடு ரொம்ப நாள் வருந்தினாள்.

அன்றைக்கு மத்தியானம் ஒன்றரை மணிக்கு, ஒலிபெருக்கியில் பேசிக்கொண்டிருந்த சுருட்டையின் தொண்டை ஒரேயடியாகக் கட்டிக்கொண்டது. காற்றுதான் வந்தது. ஒலிபெருக்கியைப் பக்கத்தில் இருந்தவள் கையில் திணித்தாள். பக்கத்தில் இருந்தவள் தந்தி. வேறு வழியில்லாமல் ஒரு பால் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் ஏறி நின்றாள். கண்ணில் வெயில் அடித்தது. ஒரு கையைத் தூக்கி மறைத்துக்கொண்டாள்.

"தேர்தல் தேதியைச் சொல்லுங்க. சொன்ன உடனே எழுந்து போயிடறோம். அது வரைக்கும் இங்கதான் இருப்போம்."

இறங்கிவிட்டாள். ஆனால் அந்தக் கண நேரத்துக்குள் ஒரு பத்திரிகைக்காரர் படம் எடுத்துவிட்டார். மறுநாள் முதல் பக்கத்தில் வந்தது. வாய் திறந்திருக்கிறது, கை வானத்தை நோக்கி உயர்ந்திருக்கிறது, பின்னால் கூட்டம். வெயிலுக்குத் தூக்கிய கை என்று யாருக்குத் தெரியும்? பார்த்தவர்களுக்கெல்லாம் படை திரட்டுகிறவள் மாதிரிதான் இருந்தாள்.

படம் எடுத்த அன்றே மூன்று மணிக்குப் போலீஸ் வந்து எல்லோரையும் கலைத்தது. யாரோ கல்லெறிந்தார்கள், யார் என்று இன்றுவரை தெரியாது. தந்திக்கு முழங்கையில் சிராய்ப்பு. ஐந்தாம் நாள் கல்லூரி ஆய்வகத்தில் அவள் நுண்ணோக்கியில் கண்ணை வைத்திருந்தபோது, இரண்டு பெண் காவலர்கள் வந்து பின்னால் நின்றார்கள்.

"நீதானா அந்த ஃபோட்டோ பொண்ணு?"

"ஆமா."

"கிளம்பு."

"இந்த ஸ்லைடைக் கழுவி வெச்சிட்டு வரேன்" என்றாள். கழுவி, துடைத்து, பெட்டியில் அடுக்கிவிட்டுத்தான் போனாள்.

பெண்கள் சிறையில் பதினோரு நாள். ஒரே அறையில் பதினாலு பேர். முதல் நாள் காலையில், அங்கே ரொம்ப நாளாக இருந்த ஒரு அம்மாள் அவளைச் சுவரோரமாக உட்காரவைத்து விசாரித்தாள்.

"என்னம்மா பண்ணின?"

"பேசினேன்."

"என்ன பேசின?"

தந்தி பேசியதைச் சொன்னாள். அந்த அம்மாள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். "ம், அப்புறம்?"

"அவ்வளவுதான்."

"மூணு வரிக்கா இங்க கொண்டுவந்து போட்டாங்க? நல்ல வேளைடியம்மா, நாலாவது வரி பேசல நீ!" என்று அந்த அம்மாள் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தாள். அறையே சிரித்தது. கைதான பிறகு தந்தி முதன்முதலாகச் சிரித்தது அங்கேதான்.

ஜாமீன் வாங்கிக் கொடுத்தவர் வக்கீலம்மா. ஐம்பது வயது, குட்டையான உருவம். மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டுக்கொண்டு அதையே பையெல்லாம் தேடுகிற ஆள். அறுபத்துநாலு பிள்ளைகளின் வழக்கையும் அவரும் அவருடைய இரண்டு சிநேகிதிகளும் பங்குபோட்டு எடுத்துக்கொண்டிருந்தார்கள். தந்தியின் வழக்குதான் எல்லாவற்றிலும் கனமானது. தடை உத்தரவை மீறிக் கூடியது, சாலையை மறித்தது, மக்களைத் தூண்டியது. படத்தில் இருந்தாள் என்கிற குற்றத்துக்கு முதல் எதிரி ஆகிவிட்டாள்.

வெளியே வந்தும் விடுதலை இல்லை. ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஸ்டேஷனில் கையெழுத்து. கல்லூரியில் இடைநீக்கம். தினமும் விடிந்ததும் ஒரு தனியார் ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு வேலைக்குப் போனாள். வெறும் வயிற்றோடு வருகிற வயசானவர்களின் கையில் பட்டையைக் கட்டி, விரலால் நரம்பைத் தேடி, "மூடுங்க... விடுங்க... ஆச்சு" என்பாள். ஊசி குத்தியதே தெரியவில்லை என்று அவளுக்காகவே சிலர் வந்து காத்திருந்தார்கள். பேசாமல் செய்கிற வேலை அவளுக்குச் சுலபம்.

கஷ்டம் வீட்டில்தான். அப்பா குடிநீர் வாரியத்தில் வால்வு திறப்பவர். மார்பு உயர இரும்புச் சாவியை சைக்கிளில் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போவார். ரோட்டில் பதித்த மூடியைத் தூக்கி, சாவியை உள்ளே இறக்கி, எண்ணி எண்ணித் திருகுவார். இருபத்தாறு வருஷத்தில் ஒருநாள்கூட அவர் வால்வை நேரம் தவறித் திறந்ததில்லை. மேலதிகாரி முன்னால் உட்கார்ந்ததும் இல்லை. அப்படிப்பட்டவருக்கு அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. 'தங்கள் குடும்ப உறுப்பினரின் நடவடிக்கை குறித்து விளக்கம் அளிக்கவும்.' அதைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு மூன்று நாள் யாரிடமும் காட்டாமல் திரிந்தார்.

மாதக்கணக்கில் மகளோடு பேசவில்லை. ஆனால் ஒவ்வொரு வாய்தாவுக்கும், மாற்று ஆளைக் கெஞ்சி முறையை மாற்றிக்கொண்டு, நீலச் சீருடையோடே கோர்ட்டுக்கு வந்துவிடுவார். மகளுக்கு இரண்டு பெஞ்ச் தள்ளி உட்காருவார். கட்டிடம் பழசு, மின்விசிறி நாலில் ஒன்றுதான் சுற்றும். அந்த ஒன்றுக்குக் கீழே அவளுக்கு இடம் பிடித்து, தன் சாப்பாட்டுப் பையை வைத்துவிட்டு நகர்ந்துபோவார். அவளும் போய் அந்தப் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு உட்காருவாள். இப்படித்தான் அப்பாவும் மகளும் அப்போது பேசிக்கொண்டது.

எட்டாவது மாதம் ஒரு சேதி வந்தது. மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தால் வழக்கை வாபஸ் வாங்கிக்கொள்வார்கள், கல்லூரியிலும் சேர்த்துக்கொள்வார்கள். அச்சடித்த தாள் ஒன்று, கையெழுத்துக்குக் கீழே கோடு. முதல் வாரத்திலேயே முப்பது பேர் போட்டுவிட்டார்கள். சுருட்டையும் போட்டாள். போட்டுவிட்டு நேராகத் தந்தி வேலை செய்கிற இடத்துக்கு வந்து, ரத்தம் கொடுக்க வந்தவர்கள் உட்காருகிற நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"என்னைத் திட்டுடி" என்றாள்.

"எதுக்கு?"

"நான்தானே உன்னைக் கூட்டிட்டுப் போனேன். நான்தானே மைக்கை உன் கையில கொடுத்தேன். இப்போ நான் மட்டும் நழுவிட்டேன். எங்கப்பாவுக்கு நெஞ்சுவலி வந்துடுச்சுடி. அம்மா என் காலைப் பிடிச்சு அழறாங்க. என்னால..." சுருட்டைக்கு மேலே பேச்சு வரவில்லை. அவள் வாழ்க்கையில் அது இரண்டாவது தடவை.

தந்தி கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அப்பா எப்படி இருக்காரு?"

"பரவால்ல."

"ரிப்போர்ட்டைக் கொண்டு வா. பார்க்கறேன்."

அவ்வளவுதான் நடந்தது. திட்டவும் இல்லை, ஆறுதலும் சொல்லவில்லை. ஆனால் சுருட்டை போகும்போது அவள் தோள் கொஞ்சம் நிமிர்ந்திருந்தது.

அதே தாள் அன்று சாயங்காலம் வீட்டுக்கும் வந்து சேர்ந்தது. அப்பாதான் கொண்டுவந்தார். அவர்கள் குடியிருந்தது ஒரு பேட்டரி கடைக்கு மேலே, மூன்றாம் மாடியில் இரண்டு அறை. அப்பா தாளை மேஜையில் வைத்து, அது பறக்காமல் இருக்கத் தண்ணீர்ச் செம்பை மேலே வைத்து, பேனாவையும் மூடி கழற்றிப் பக்கத்தில் வைத்தார்.

தந்தி இரண்டு தடவை படித்தாள். "ரோட்டை மறிச்சதுக்கு மன்னிப்புக் கேட்கறேன். அது தப்புதான். ஆனா இதுல, நான் தூண்டிவிட்டுத்தான் கலவரம் ஆச்சுன்னு போட்டிருக்கு. இனிமே எந்தக் கூட்டத்துக்கும் போகமாட்டேன்னு போட்டிருக்கு. முதல்ல சொல்றது பொய். ரெண்டாவது என்னால முடியாது."

அவ்வளவு நீளமாக அவள் வீட்டில் பேசியதே இல்லை. அப்பா ஒரு கணம் திகைத்துப்போனார். பிறகு எட்டு மாதமாக அடக்கி வைத்ததெல்லாம் மடை திறந்துகொண்டது.

"பொய்யாம், உண்மையாம்! நீ என்ன பெரிய அரிச்சந்திரனுக்குத் தங்கச்சியா? ஊர்ல எல்லாரும் கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டு இருக்காங்க. ஏழு வருஷம்னா என்னன்னு தெரியுமா உனக்கு? நான் வேலையை விட்டுப் போயிருப்பேன். உன் அம்மா கண்ணு மங்கிப் போயிருக்கும். எனக்கு ஒரே பொண்ணு நீ! பிடிச்ச முயலுக்கு மூணே காலுன்னு நிக்காதே, சொல்லிட்டேன்!"

பேட்டரி கடையில் வேலை நின்று ஆட்கள் அண்ணாந்து பார்க்கிற அளவுக்குச் சத்தம். அம்மா வாசல் பக்கம் உட்கார்ந்து ஒரு பேண்ட்டின் ஜிப்பைப் பிரித்துக்கொண்டிருந்தாள். சந்தைக்குப் பின்னால் ஒரு சின்னக் கடைக்குள் தையல் மெஷினும் ஸ்டூலும் போட்டு ஆல்ட்டரேஷன் வேலை செய்கிறவள் அவள். தீராத வேலையை வீட்டுக்குக் கொண்டுவருவாள். தலையைத் தூக்காமலேயே கேட்டாள்.

"சரி, அவ கையெழுத்துப் போடலேன்னா நீங்க என்ன பண்ணுவீங்க?"

"என்ன பண்ணுவேன்? என்ன பண்ண முடியும்? கோர்ட்டுக்குக் கூடப் போவேன். வேற என்ன பண்றது?"

"வீட்டை விட்டுத் துரத்துவீங்களா?"

"என்னடி பேசற? என் பொண்ணை நான் துரத்துவேனா?"

"அப்போ எதுக்கு இப்படிக் கத்தறீங்க? போட்டாலும் கூடப் போகப்போறீங்க, போடலேன்னாலும் கூடப் போகப்போறீங்க. தொண்டைத் தண்ணிதான் வத்துது."

அப்பா செம்பை எடுத்து அதிலிருந்த தண்ணீரைக் கடகடவென்று குடித்தார். காற்றில் தாள் பறந்துபோய்க் கட்டிலுக்கு அடியில் விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

அதற்கப்புறம் வழக்கு உண்மையாகவே நடக்கத் தொடங்கியது. முதலில் சாட்சி சொன்னவர் இன்ஸ்பெக்டர். இருபது நிமிடம் பேசினாள், அதன்பிறகுதான் கூட்டம் வெறிபிடித்தது என்றார். வக்கீலம்மா எழுந்து, "நீங்க எடுத்த வீடியோவையே போட்டுப் பார்க்கலாமே" என்றார். போட்டார்கள். நீதிபதி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். தந்தி பெட்டியில் ஏறினாள், மூன்று வரி சொன்னாள், இறங்கினாள்.

"மறுபடி போடுங்க" என்றார் நீதிபதி. தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்துக்கொண்டார். மறுபடியும் ஏறினாள், இறங்கினாள்.

"ஒன்பது நொடி" என்றார். "மீதிப் பத்தொன்பது நிமிஷம் ஐம்பத்தோரு நொடி எங்க இன்ஸ்பெக்டர்?"

"அந்தப் பதட்டத்துல... தோராயமா..." என்று இன்ஸ்பெக்டர் இழுத்தார்.

ஆனாலும் வக்கீலம்மா அன்று சந்தோஷப்படவில்லை. படிக்கட்டில் நின்று அப்பாவிடம் சொன்னார்: "பேச்சு போச்சு, சரி. ஆனா தடை உத்தரவு இருக்கே ஐயா. அன்னைக்குக் காலையில பத்து மணிக்கே கேட்ல உத்தரவை ஒட்டிட்டதா சொல்றாங்க. ஒட்டின பிறகும் உக்காந்திருந்தா அது ஒண்ணே போதும், தண்டனை கொடுக்கலாம்."

"நான் பார்க்கல" என்றாள் தந்தி.

"பார்க்கலேன்னு எல்லாரும்தான் சொல்லுவாங்க."

உத்தரவை ஒட்டியதற்குச் சாட்சி, கமிஷனர் அலுவலகத்துக் கடைநிலை ஊழியர் ஒருவர். ஓய்வுபெற இரண்டு வருஷம் இருந்தது. நகரத்தில் எந்தச் சுவரில் எந்த அரசாங்க நோட்டீஸ் இருந்தாலும் அது அவர் கை ஒட்டியதுதான். இதற்கு முன் எத்தனையோ வழக்கில் வந்து, "ஒட்டினேன் ஐயா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனவர். அதனால் அவரை யாரும் முன்கூட்டியே உட்காரவைத்து விசாரிக்கவும் இல்லை, சொல்லிக் கொடுக்கவும் இல்லை. எண்ணெய் தடவிப் படிய வாரிய தலையும் தேய்த்த சட்டையுமாகக் கூண்டில் ஏறினார்.

அரசு வக்கீல் தாளைக் காட்டினார். "இதை நீங்கதானே ஒட்டினீங்க?"

"நான்தான் ஐயா."

"சம்பவத்தன்னைக்கு."

"ஆமாங்க ஐயா, அன்னைக்குத்தான்."

"பத்து மணிக்கு." அரசு வக்கீல் ஏற்கெனவே உட்காரப்போய்விட்டார்.

"இல்லைங்க ஐயா. ஆறே கால்."

அரசு வக்கீல் பாதி உட்கார்ந்த நிலையிலேயே நின்றார். "காலையில ஆறே காலா?"

"சாயங்காலம் ஐயா. காலையில பேப்பரே கைக்கு வரலியே."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ரொம்ப நாளாச்சு. மறந்திருப்பீங்க."

அங்கேதான் அரசு வக்கீல் தப்புச் செய்தார். ஊழியருக்கு முகம் சிவந்துவிட்டது. "முப்பத்திரண்டு வருஷமா ஒட்டறேன் ஐயா. நான் ஒட்டின பேப்பர் ஒண்ணு மழையில கிழிஞ்சுதுன்னு யாரையாவது சொல்லச் சொல்லுங்க. எந்தப் பேப்பரை எப்போ ஒட்டினேன்னு மறந்துட்டா நான் எதுக்கு அந்த வேலையில இருக்கணும்? பேப்பரைக் கையில வாங்கும்போது தபால் புத்தகத்துல நேரம் போட்டுக் கையெழுத்து வாங்குவாங்க. புத்தகம் ஆபீஸ்லதான் இருக்கு. எடுத்துப் பாருங்க." மூச்சு வாங்கிக்கொண்டு தந்தியைப் பார்த்தார். "இன்னொண்ணும் சொல்றேன் ஐயா. காலையில நான் அந்தப் பக்கம் வேற வேலையாப் போனேன். அந்தக் கேட்ல ஒட்ட எடம் ஏது? பூரா இந்தப் பிள்ளைங்க சாஞ்சு உக்காந்திருந்தாங்க. ஒட்டணும்னா இந்தப் பொண்ணு முதுகுலதான் ஒட்டியிருக்கணும்!"

கோர்ட்டே கொல்லென்று சிரித்தது. நீதிபதி குனிந்து எதையோ எழுதுவது போல முகத்தை மறைத்துக்கொண்டார். இரண்டு பெஞ்ச் தள்ளி அப்பா மட்டும் சிரிக்கவில்லை. சரியான நேரத்துக்கு வேலை செய்கிற ஒரு மனுஷன் இன்னொரு மனுஷனைப் பார்ப்பது போல அந்த ஊழியரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தபால் புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லி இரண்டு வாரம் தள்ளிவைத்தார்கள். புத்தகத்தைக் கறையான் அரித்துவிட்டது என்பார்கள், தொலைந்துவிட்டது என்பார்கள் என்று வக்கீலம்மாவே பயந்தார். ஆனால் வந்தது. தொலைந்தால் பழி தன் தலையில் விழும் என்று தலைமை எழுத்தர் அதைத் துணியில் சுற்றிக் கையோடு கொண்டுவந்து கொடுத்தார். ஐந்து நாற்பது என்று நேரம் போட்டு, பக்கத்தில் ஊழியரின் கொட்டை எழுத்துக் கையெழுத்து. கூட்டத்தைக் கலைத்தது மூன்று மணிக்கு. இல்லாத உத்தரவை யார் மீற முடியும்?

தீர்ப்பு நாள் வரைக்கும் அப்பா எதையும் நம்பவில்லை. காலையில் வால்வைத் திறந்துவிட்டு, மூடுகிற வேலையை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு வந்தார். அம்மா வரவில்லை. "அங்க வந்து உக்காந்தா எனக்கு உயிர் போயிடும். கடையில இருக்கேன். ஃபோன் பண்ணுங்க" என்றுவிட்டாள். அன்றைக்கு அப்பா இரண்டு பெஞ்ச் தள்ளி உட்காரவில்லை. மகளின் பக்கத்திலேயே உட்கார்ந்தார். பிறகு அவர் பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து, "குடி" என்றார்.

நீதிபதி வாசித்தது நாலு பக்கம். முதல் மூன்று பக்கத்தில் அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. எண்களும் பிரிவுகளும் ஓடின. கடைசிப் பக்கத்தில் 'நிரூபிக்கப்படவில்லை' என்ற வார்த்தை மூன்று தடவை வந்தது. அப்புறம் 'விடுதலை' என்ற வார்த்தை வந்தது. சாலையை மறித்ததற்கு மட்டும் எச்சரிக்கை. அதைக் கேட்டுத் தந்தி தலையை ஆட்டினாள், சரிதான் என்பது போல.

வக்கீலம்மா திரும்பி வந்து அவள் தோளைப் பிடித்து உலுக்கினார். அப்பா எழுந்து நின்று, வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார்: "வக்கீலம்மா, அடுத்த வாய்தா எப்போ?"

"இனிமே வாய்தா இல்ல ஐயா."

"இல்லன்னா... ஒத்திவெச்சுட்டாங்களா?"

"முடிஞ்சுபோச்சு ஐயா. உங்க பொண்ணை விட்டுட்டாங்க. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

அப்பா மறுபடியும் உட்கார்ந்துவிட்டார். தந்தி குனிந்து அவர் கையைப் பிடித்துத் தூக்கினாள். தூக்கிய கையை அவர் வெளி வராந்தா வரைக்கும் விடவில்லை.

ஃபோனை எடுத்த அம்மா, "சொல்லு" என்றாள். "விட்டுட்டாங்கம்மா" என்றாள் தந்தி. பிறகு யாரோ ஒரு வாடிக்கையாளரிடம் அம்மா பேசுவது கேட்டது: "ஐயா, உங்க பேண்ட் இன்னைக்குக் கிடைக்காது. நாளைக்கு வாங்க. கடையைச் சாத்தறேன். என் பொண்ணு வர்றா." கடை ஷட்டர் கடகடவென்று இறங்குகிற சத்தம் ஃபோனிலேயே கேட்டது.

மறுவாரம் தந்தி அந்த ஊழியரைத் தேடிப் போனாள். பழைய இடத்தில் இல்லை. சாட்சி சொன்ன மூன்றாம் நாளே அவரைக் கோப்புகள் போட்டு வைக்கிற கிடங்குக்கு மாற்றியிருந்தார்கள். ஜன்னல் இல்லாத அறை, மேலே ஒரே ஒரு விளக்கு. அவளைப் பார்த்ததும் எழுந்து ஒரு கட்டுக் கோப்பைத் தூசு தட்டி, உட்காரச் சொன்னார்.

"என்னாலதான்" என்றாள் அவள்.

"உன்னால என்னம்மா? மணி என்னன்னு கேட்டாங்க, சொன்னேன். வெயில்ல அலையாம நிழல்ல உக்காத்தி வெச்சிருக்காங்க. என் வீட்டுக்காரிக்கு ரொம்ப சந்தோஷம்." சொல்லிவிட்டுச் சிரித்தார். ஆனால் கண் ஒருமுறை கதவுப் பக்கம் போய் வந்தது. அவருக்கு நோட்டீஸ் ஒட்டுகிற தெருச் சுவர்கள்தான் பிடிக்கும் என்று அவளுக்குத் தெரிந்தது. எழுந்தபோது அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் மற்றொரு கையால் அவள் முதுகில் தட்டிக் கொடுத்தார்.

கல்லூரியில் சேர்த்துக்கொள்ள அங்கிருந்த எழுத்தர் தீர்ப்பின் சான்றிட்ட நகல் கேட்டார். கொடுத்தாள். அதற்கு மூன்று பிரதி கேட்டார். கொடுத்தாள். முத்திரை தெளிவாக இல்லை என்றார். சுருட்டை கூட வந்திருந்தாள். எழுத்தரின் மேஜை முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேசத் தொடங்கினாள். அரை மணி நேரம் நிறுத்தவில்லை. எழுத்தர் தலையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா தாயே, நாளைக்கே வகுப்புக்கு வரச் சொல்லு" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். சுருட்டையின் வாய்க்கு அது தகுந்த வேலை. தோழிகள் இருவரும் வெளியே வந்து மரத்தடியில் நின்று வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

கையெழுத்துப் போடாத மற்ற பிள்ளைகளின் வழக்குகளும் அதே தபால் புத்தகத்தால் ஒவ்வொன்றாகத் தள்ளுபடி ஆயின. தேர்தல் தேதி மட்டும் வரவில்லை. ஆனால் இப்போது கேட்கிறவர்கள் பிள்ளைகள் மட்டும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆசிரியர்களும் மருத்துவமனை ஊழியர்களும் மைதானத்தில் கூட்டம் போட்டார்கள். தந்தி போய் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தாள். அப்பா தடுக்கவில்லை. எத்தனை மணிக்கு வருவே என்று மட்டும் கேட்டார்.

அரசு மேல்முறையீடு செய்யத் தொண்ணூறு நாள் இருந்தது. அந்தக் கெடு முடிந்ததை வக்கீலம்மா அப்பாவுக்குத்தான் ஃபோனில் சொன்னார். அவர் வால்வுச் சாவியோடே சைக்கிளை மிதித்துக் கல்லூரிக்கு வந்துவிட்டார். உள்ளே போகக் கூச்சம். காவலாளியிடம் சொல்லி அனுப்பினார். தந்தி ஆய்வகத்திலிருந்து கையுறையோடே ஓடிவந்தாள்.

"மேல்முறையீடு பண்ணலியாம். இனிமே பண்ணவும் முடியாதாம்" என்றார். 

அவளுக்குக் கண் நிறைந்தது. ரத்தம் தொட்ட கையுறை. துடைத்துக்கொள்ள முடியாமல் இரண்டு கையையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து, சின்ன வயதில் முகம் துடைத்துவிட்ட மாதிரி, அழுத்தித் துடைத்துவிட்டார்.

"போ, போ. பாடம் போயிட்டிருக்கும்" என்றார்.

அவள் படியேறி உள்ளே மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு எதிர்த்த கடைக்குப் போய், சாவியைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஒரு டீ சொன்னார். குடித்து முடித்ததும் இன்னொன்று சொன்னார்.